புது பெல்ட் போட்டும் 'கீச்' சத்தமா? பழைய கார்ல புல்லியை பாருங்க!

பழைய காரில் பெல்ட் கத்தினால், பலரும் புது பெல்ட் மாற்றிவிடுகிறார்கள். சில வாரத்தில் மறுபடியும் அதே சத்தம், அதே செலவு. பல நேரங்களில் காரணம் பெல்ட் இல்லை. புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாததுதான்.

ஏன் ஆபத்து?

பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் இரண்டையும் சுற்றுவது ஒரே ஃபேன் பெல்ட். புல்லி விலகினால் பெல்ட்டின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து நூல் பிரியும். நடுவழியில் கழன்றால் பேட்டரி சார்ஜ் ஆகாது. இன்ஜின் சூடாகி ஹெட் கேஸ்கெட்டே போகலாம்.

எப்படி கண்டுபிடிப்பது?

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, சூடு ஆறியதும் நீளமான ஸ்டீல் ஸ்கேலை இரண்டு புல்லிகளின் முகப்பிலும் சேர்த்து வையுங்க. விளிம்புகளில் 4 இடத்திலும் ஒட்டினால் சரி. இடைவெளி தெரிந்தால் விலகியிருக்கிறது.

தீர்வு என்ன?

பெல்ட்டை கழற்றி புல்லியை ஆட்டிப் பாருங்க. ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கலாம். ஆடவில்லையா? ஆல்டர்னேட்டர் பிராக்கெட் வளைந்திருக்கலாம், முன்பு கழற்றி மாட்டியபோது வாஷர் விடுபட்டிருக்கலாம். சரியான தடிமன் வாஷர் கொடுத்தாலே பல வண்டிகளில் நேராகிவிடும். வளைந்த புல்லியை சுத்தியலால் தட்டாதீங்க, மாத்திடுங்க. அதுக்கு அப்புறம்தான் புது பெல்ட்.

ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்து, டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைச்சிடுங்க.