எண்களில் ஓடும் கார்!

குழந்தைகளே! கம்ப்யூட்டரில் கார் பந்தயம் விளையாடியிருப்பீர்கள். சுவரில் மோதினால் கார் பந்து போலத் துள்ளித் திரும்பும். எவ்வளவு வேகத்தில் போனாலும் வளைவில் சமர்த்தாகத் திரும்பும். நிஜக் கார் அப்படியா ஓடும்?

நிஜக் கார் போலவே ஓட வேண்டும் என்பதற்காக உருவான விளையாட்டுகளும் உண்டு. அவற்றை 'சிமுலேட்டர்' என்பார்கள். இத்தாலியிலுள்ள குனோஸ் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட 'அசெட்டோ கோர்சா' அவற்றில் ஒன்று. விளையாடுபவர்களே புதிய கார் செய்து அதில் சேர்க்கலாம். அப்படிச் சேர்ப்பதற்கு 'மாட்' என்று பெயர். (மாடு அல்ல! 'மாடிஃபிகேஷன்' என்ற சொல்லின் சுருக்கம்.)

பத்தாம் வகுப்பு முடித்த என் பேரன், கோடை விடுமுறையில் ஒரு மாட் செய்யத் தொடங்கினான். நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவன் தேர்ந்தெடுத்தது, ஜெர்மனியில் 1964-ல் தயாரிப்புக்கு வந்த போர்ஷே 911 என்ற ஸ்போர்ட்ஸ் கார்.

முதலில் உருவம்

நீளம் 4163 மில்லி மீட்டர், அகலம் 1610, உயரம் 1320. இந்த அளவுகளை வைத்துக்கொண்டு 'பிளெண்டர்' என்ற இலவச மென்பொருளில் காரை வரைந்தான். கணக்குப் பாடத்தில் முக்கோணம் படிக்கிறீர்கள் அல்லவா? கம்ப்யூட்டரில் தெரியும் காரின் வளைந்த உடம்பு முழுவதும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனதுதான்!

மூன்று வாரத்தில் சிவப்புக் கார் பளபளத்தது. ஆனால் அது வெறும் கூடுதான்.

உயிர் கொடுப்பது எண்கள்

காரின் எடை எவ்வளவு? அந்த எடை முன்சக்கரங்களின் மேல் எத்தனை பங்கு, பின்சக்கரங்களின் மேல் எத்தனை பங்கு? எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது எவ்வளவு விசை தரும்? டயர் தரையை எவ்வளவு பற்றும்? இவற்றையெல்லாம் கோப்புகளில் எண்களாக எழுத வேண்டும். அந்த எண்களைக் கொண்டு கம்ப்யூட்டர் நொடிக்கு 333 முறை கணக்குப் போட்டுக் காரை ஓட்டுகிறது.

இங்கேதான் என் பேரன் ஒரு குறும்பு செய்தான். நிஜக் காரின் எடை 1080 கிலோ. இவன் 700 என்று எழுதினான். எடையை முன்னும் பின்னும் சரிபாதியாகவும் பிரித்துவிட்டான். கார் பறந்தது. எல்லாக் கார்களையும் முந்தியது. "எப்படி தாத்தா?" என்றான் பெருமையாக.

"நன்றாக ஓடுகிறது. ஆனால் இது எந்தக் கார்?" என்று கேட்டேன்.

அவன் பதில் பேசவில்லை. சற்று நேரம் கழித்து 1080 என்று திருத்தினான். பின்பக்கத்துக்கு உரிய அதிக எடையையும் கொடுத்தான். முதல் வளைவிலேயே கார் வாலைச் சுழற்றிப் புல்தரைக்குள் போய் நின்றது!

"கெட்டுப்போச்சு தாத்தா!"

"இல்லையடா, இப்போதுதான் சரியாகியிருக்கிறது!" என்றேன்.

ஒரு தீப்பெட்டி நீளம்

ஏன் தெரியுமா? போர்ஷே 911-க்கு எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிறது. சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டையை வைத்து உருட்டிப் பாருங்கள். முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். ஏறக்குறைய அதே சங்கடம்தான் இந்தக் காருக்கும். வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால், எடை முன்பக்கம் சாயும். பின் டயர்களின் பிடி குறையும். கனமான பின்பகுதி வெளியே வீசும்.

நிஜப் பொறியாளர்களுக்கும் இது தலைவலியாகத்தான் இருந்தது. தொடக்க காலக் கார்கள் சிலவற்றில் முன் பம்பரின் இரு ஓரங்களிலும் தலா 11 கிலோ இரும்பை வைத்துப் பார்த்தார்கள். பிறகு 1969-ஆம் ஆண்டு மாடலில் பின்சக்கரங்களை 57 மில்லி மீட்டர் பின்னால் தள்ளி வைத்தார்கள். ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியின் நீளம்! அதிலேயே காரின் நடத்தை வெகுவாகச் சீரானது. எண்ணைப் பொய்யாக எழுதியிருந்தால், இந்தப் பாடத்தை என் பேரன் கற்றிருக்கவே முடியாது.

கேட்டு எடு!

இன்னொன்றும் முக்கியம். பிறர் செய்த கார் உருவத்தையோ, எஞ்சின் ஒலியையோ எடுத்து, 'நான் செய்தது' என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது. அனுமதி கேட்க வேண்டும். இந்தக் காருக்கே முதலில் வைத்த பெயர் 901. நடுவில் பூஜ்யம் உள்ள மூன்றிலக்கப் பெயர்களுக்குப் பிரான்சில் தங்களுக்கே உரிமை உண்டு என்று பெஜோ நிறுவனம் சொன்னது. போர்ஷே நிறுவனம் பெயரை 911 என்று மாற்றிக்கொண்டது.

நீங்களும் செய்யுங்கள்

ஒரு ஸ்கேலை விரல் மேல் வைத்துச் சாயாமல் நிறுத்துங்கள். விரல் நடுவில் இருக்கும். இப்போது ஒரு முனையில் ரப்பரை வைத்து நிறுத்திப் பாருங்கள். விரல் எந்தப் பக்கம் நகர வேண்டியிருக்கிறது? அதுதான் ஈர்ப்பு மையம். கார் செய்யும் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

என் பேரனின் கார் இப்போது பந்தயத்தில் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. ஆனால் வளைவில் எப்போது ஆக்சிலரேட்டரை விடக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். கெட்டிக்காரன்!