நாணயத்தின் அளவும் நாட்டின் வாழ்வும்

ஒரு நாட்டின் செல்வம் வயலிலும் கடலிலும் தறியிலும் விளைகின்றது. நாணயமோ அச்செல்வத்தை அளந்து கைமாற்றும் கருவியேயாகும். பொருள்கள் பெருகாதிருக்க நாணயம் மட்டும் பெருகுமாயின், ஒவ்வொரு ரூபாவும் வாங்கும் பொருளின் அளவு குறையும். இதனையே பணவீக்கம் என்பர். நாணயத்தின் அளவையும் கடனுக்குரிய வட்டியையும் நெறிப்படுத்தும் முறையே நாணயக் கொள்கை.

இலங்கையில் 1884ஆம் ஆண்டு ஓரியண்டல் வங்கி முறிந்தபோது, அதன் நோட்டுகளை வைத்திருந்தோர் கலங்கினர். அவ்வாண்டுச் சட்டத்தின்படி நோட்டு வெளியிடும் பொறுப்பு நாணய ஆணையாளர் சபைக்கு உரியதாயிற்று. காப்புச் சொத்தின்றிச் சபை நோட்டு வெளியிட இயலாது. கட்டுப்பாடு உறுதியானதே, ஆயினும் தேயிலை, இறப்பர் ஏற்றுமதி வருவாய் குறைந்தால் உள்நாட்டு நாணயமும் தானே சுருங்கியது. இக்குறையை நீக்கும்பொருட்டு, 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டப்படி, 1950 ஆகஸ்ட் 28ஆம் நாள் மத்திய வங்கி தொடங்கியது. ஜோன் எக்ஸ்டர் என்னும் அமெரிக்கர் அதன் முதல் ஆளுநராயினார்.

பழைய கட்டு நீங்கியதும் புதிய பொறுப்பு வந்தது. மத்திய வங்கி அரசின் திறைசேரி உண்டியல்களை வாங்கும்போது புதிய நாணயம் பிறக்கின்றது. 2019 இறுதியில் வரிகள் குறைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு பெருந்தொற்றால் அரசின் வருவாய் மேலும் சுருங்கியது. செலவுக்கு வேண்டிய பணத்தின் ஒரு பகுதி இவ்வழியிற் பெறப்பட்டது. டொலரின் விலையோ ஏறத்தாழ 200 ரூபாவில் நிறுத்திவைக்கப்பட, வெளிநாட்டு ஒதுக்கு கரைந்தது. 2022 மார்ச்சில் அப்பிடி தளர்ந்தது. மே மாதத்துக்குள் டொலர் 350 ரூபாவைக் கடந்தது. செப்ரெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாயிற்று. முந்திய ஆண்டு 100 ரூபாவுக்குப் பெற்ற பொருளுக்கு 170 ரூபா வேண்டியதாயிற்று.

இதன் தாக்கம் அம்பாறைக் கரையோரத்தை எவ்வாறு அடைந்தது? மருதமுனை நெசவாளரின் நூலும் சாயமும், கல்முனை மீனவரின் எரிபொருளும், சம்மாந்துறை உழவரின் இரசாயனப் பசளையும் பெரும்பாலும் பிறநாட்டிலிருந்து வருவன. டொலரின் விலை ஏற, இவற்றின் விலையும் ஏறும். 2021ஆம் ஆண்டின் இரசாயனப் பசளைத் தடையும் விளைச்சலைக் குறைத்து உணவு விலையை உயர்த்தியது. ஆதலின் பழி முழுவதையும் நாணயத்தின்மேற் சுமத்துதல் பொருந்தாது. எனினும் நிலையான சம்பளம் பெறுவோரும் சிறுகச் சிறுகச் சேமித்தோரும் தம் உழைப்பின் ஒரு பகுதியை அறியாமலே இழந்தனர். வரி விதிக்காமலே வாங்கப்பட்ட வரி இது.

2022 ஏப்ரல் 8ஆம் நாள் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 புள்ளிகள் உயர்த்தி, 13.5, 14.5 வீதங்களாக்கியது. கடன் அரிதாக, வாங்கும் வேகம் தணிந்தது. கடன்பட்டுத் தொழில் நடத்திய சிறு வணிகர் நலிந்தனர். 2023 ஜூலையிற் பணவீக்கம் 10 வீதத்துக்குக் கீழிறங்கியது. விலைகள் ஏறும் வேகம் தணிந்ததேயன்றி, ஏறிய விலைகள் பழைய நிலைக்கு மீளவில்லை.

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் விலை உறுதியை மத்திய வங்கியின் முதற் குறிக்கோளாக்கி, அது அரசுக்கு நேரே கடன் வழங்குதலை விலக்கியது. ஆயினும் வருவாய்க்கு ஏற்பச் செலவிடும் ஒழுக்கம் அரசிடம் இல்லையேல் எச்சட்டமும் நிலையாது. வருவாயின் அளவறிந்து வழங்குதலை வள்ளுவர் அரசனுக்குரிய வலியறிதல் அதிகாரத்தில் வைத்தமை இங்குச் சிந்திக்கத்தக்கது.