கரண்ட் போனால் போனும் போச்சு!

பிரிட்டனில் ஒரு கெடு நெருங்கிக்கொண்டிருக்கிறது. 2027 ஜனவரி முடிவதற்குள் அந்நாட்டின் பழைய செப்புக் கம்பித் தொலைபேசி வலையமைப்பை மொத்தமாக அணைத்துவிடப் போகிறார்கள். வீட்டில் தொலைபேசி இருக்கும், எண்ணும் அதேதான். ஆனால் குரல் இனிமேல் ரவுட்டருக்குள் புகுந்து இணையத்தின் வழியாகப் போகும். முதலில் குறித்த தேதி 2025 டிசம்பர். அதை ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போட வேண்டி வந்ததே தனியாக வாழும் முதியவர்களால்தான்.

இது ஏதோ கம்பி மாற்றும் வேலை என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. நள்ளிரவில் குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு பாட்டியின் குரல் போய்ச் சேருமா, சேராதா என்பது இதில் அடங்கியிருக்கிறது.

சுவரில் இருந்த நம்பிக்கை

பழைய தொலைபேசிக்கு ஒரு பெரிய குணம் உண்டு. அதற்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. தொலைபேசி நிலையத்தில் வரிசையாக அடுக்கியிருக்கும் பேட்டரிகளிலிருந்து சுமார் 50 வோல்ட் மின்சாரம், குரல் வரும் அதே செப்புக் கம்பி வழியாக வீட்டுக்கு வரும். ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். பிரிட்டனில் வாசல் கதவுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி சுவரோடு ஒட்டியிருக்கும். மூன்று தலைமுறை அந்தப் பெட்டியை நம்பி வாழ்ந்திருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் தொலைபேசிக்கு அந்தப் பெட்டியில் வேலையில்லை. தொலைபேசி வயரைப் பிடுங்கி ரவுட்டரின் பின்பக்கத் துளையில் செருகிவிடுகிறார்கள். ரவுட்டர் ஓட வீட்டு மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் ரவுட்டர் அணையும், அதோடு தொலைபேசியும் ஊமையாகும்.

மாற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எண்பதுகளில் நிறுவிய இயந்திரங்களுக்கு உதிரிபாகம் கிடைப்பதில்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், பழுதுகளும் கூடிக்கொண்டே வருகின்றன என்கிறார்கள். எஸ்டோனியாவும் நெதர்லாந்தும் ஏற்கெனவே செப்புத் தொலைபேசியை முடித்துவிட்டன. சாலிஸ்பரி, மில்டன்ஹால் என்ற இரண்டு ஊர்களில் முன்னோட்டம் பார்த்துவிட்டு, 2023 செப்டம்பரில் நாடு முழுவதும் புதிய செப்புத் தொலைபேசி இணைப்பு விற்பதையே நிறுத்தினார்கள். அந்த வாதம் நியாயமானதுதான். அதை மறுக்க நான் வரவில்லை. என் கேள்வி வேறு: பழையது போகிற வேகத்தில், அது சத்தமில்லாமல் செய்துவந்த காவல் வேலையை இனி யார் செய்வது?

ஆர்வென் சொல்லிய பாடம்

2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை இரவு. ஆர்வென் என்று பெயரிட்ட புயல் ஸ்காட்லாந்தையும் வட இங்கிலாந்தையும் தாக்கியது. நார்தம்பர்லாந்தில் காற்றின் வேகம் மணிக்கு 98 மைல். நம் கணக்கில் சுமார் 158 கிலோமீட்டர். பிரிட்டனில் பலத்த காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும், மரங்களும் அதற்குத் தக்கபடி வேரூன்றி நிற்கும். ஆர்வென் வடக்கு, வடகிழக்கிலிருந்து வந்ததால் மரங்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்து மின்கம்பிகளையும் இழுத்துக்கொண்டு விழுந்தன. பத்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் மின்சாரம் போனது. ஏறத்தாழ 4,000 வீடுகளுக்கு ஒரு வாரம் கடந்தும் வரவில்லை. உதவிக்கு ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது.

கொட்டும் பனியில், மலையோரக் கிராமத்தில், மின் ஹீட்டரை நம்பி வாழும் ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். கைபேசியில் மீதமிருக்கும் சார்ஜ் ஒரு நாளைக்கு வரலாம். ஆனால் கைபேசிக் கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டுமே! பல கோபுரங்களில் நீண்ட நேரம் தாங்கும் மாற்று மின்சாரம் கிடையாது. சில மணி நேரத்தில் சிக்னலும் போய்விடும். அந்த வாரத்தில் செப்புக் கம்பி உயிரோடிருந்த பல வீடுகளில், வயர் வைத்த பழைய தொலைபேசிதான் வெளியுலகோடு இருந்த ஒரே தொடர்பு.

இந்தப் பாடம் உறைத்தது. 2022 மார்ச்சில் வீட்டு இணைப்புகளை மாற்றும் பணியின் பெரும்பகுதியை நிறுத்திவைத்தார்கள். பிறகு மீண்டும் தொடங்கினார்கள். புயல்கள் மட்டும் நிற்கவில்லை.

கழுத்தில் தொங்கும் பொத்தான்

பிரிட்டனில் தனியாக வாழும் முதியவர்கள், உடல்நலம் குன்றியவர்கள் பலருடைய கழுத்தில் ஒரு சிறிய பொத்தான் தொங்கும். கைக்கடிகாரம் போல மணிக்கட்டில் கட்டிக்கொள்பவர்களும் உண்டு. விழுந்துவிட்டால், நெஞ்சு வலித்தால் அதை அழுத்த வேண்டும். கூடத்தில் இருக்கும் பெட்டி உடனே கண்காணிப்பு மையத்தை அழைக்கும். அங்கிருப்பவர் பெட்டியின் ஒலிபெருக்கி வழியாகப் பேசுவார். பதில் வராவிட்டால் பிள்ளைகளுக்கோ ஆம்புலன்ஸுக்கோ தகவல் போகும். வருபவர்கள் உள்ளே நுழைய, வாசல் சுவரில் எண் பூட்டுப் பெட்டிக்குள் ஒரு சாவி இருக்கும். இப்படியான தொலைப் பராமரிப்புக் கருவிகளை நம்பி வாழ்பவர்கள் 18 லட்சம் பேர் என்பது அங்கே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

பழைய அலாரப் பெட்டிகள் செப்புக் கம்பிக்காகச் செய்யப்பட்டவை. யார் அழைக்கிறார், எந்த வீடு என்பதையெல்லாம் அவை ஒலிக் குறிப்புகளாக அனுப்பும். இணையத் தொலைபேசியோ குரலைத் துண்டு துண்டாக்கி, சுருக்கி அனுப்புகிறது. மனிதப் பேச்சு அதில் தேறிவிடும். ஒலிக் குறிப்பு சிதைந்துபோகலாம். பொத்தானை அழுத்தியவர் உதவி வரும் என்று காத்திருப்பார். மறுமுனையில் யார் அழைத்தது என்றே தெரியாது.

லண்டனின் ஹாரோ பகுதியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல்லாண்டுகளாக வாழும் ஒரு அம்மாவைச் சந்தித்தேன். புது இணைப்பு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ரவுட்டரை ஒரு சின்ன மேசையில் வைத்து, அதன் மேல் பின்னல் துணி போட்டு மூடியிருந்தார்.

“உந்த லைற் எரிஞ்சா போன் வேலை செய்யும் எண்டு பேரன் சொன்னவன், தம்பி. கரண்ட் நிண்டா என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.”

“புது லைன் வந்த பிறகு இந்தப் பொத்தானை ஒரு தடவையாவது அழுத்திப் பார்த்தீங்களாம்மா?”

“ஏன் சும்மா அழுத்துவான்? அங்கை இருக்கிறவைக்குக் கரைச்சல் எல்லோ!”

அன்று அழுத்திப் பார்த்தோம். பெட்டி கீச்சிட்டது, கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குரல் நலமா என்று கேட்டது. சோதனைக்குத்தான் அழுத்தினோம் என்றதும், நல்லது, மாதம் ஒருமுறை இப்படிச் செய்யுங்கள் என்றார் அவர். அந்த அம்மாவுக்கு நிம்மதி. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைக்கும் இந்த நல்ல மனம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அலாரம் வேலை செய்கிறதா என்பது விழுந்து கிடக்கும்போது தெரியவேண்டிய விஷயமா?

மாற்றத்துக்குப் பின் அலாரம் செயலிழந்த கடுமையான சம்பவங்கள் வெளியே வந்தபின், 2023 டிசம்பரில் பெரிய நிறுவனங்கள் அரசிடம் எழுத்துமூலம் உறுதி கொடுத்தன. நலிந்த வாடிக்கையாளர்களுக்குப் பாதுகாப்பு உறுதியாகும்வரை யாரையும் கட்டாயமாக மாற்றுவதில்லை என்றன. அதன் பிறகே கெடுவும் 2027-க்குப் போனது. ஆபத்து உண்மையானது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

தீயில் பிறந்த எண்

அவசர அழைப்பின் அருமையை உலகுக்கு முதலில் சொன்ன நாடே பிரிட்டன்தான். 1935 நவம்பரில் லண்டனின் விம்போல் தெருவில் ஒரு வீடு பற்றி எரிந்தது. அண்டை வீட்டுக்காரர் தீயணைப்புப் படையை அழைத்தார். தொலைபேசி நிலையம் அவரை வரிசையில் காக்கவைத்தது. அந்தத் தீயில் ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். அவர் கொதித்துப்போய் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். விசாரணை நடந்தது. 1937 ஜூன் 30 அன்று 999 பிறந்தது. உலகின் முதல் அவசர எண் அதுதான். அந்த எண்ணில் அழைப்பு வந்தால் நிலையத்தில் சிவப்பு விளக்கு எரிந்து மணி அலறும். மற்ற எல்லா அழைப்பையும் விட்டுவிட்டு அதை எடுக்க வேண்டும்.

அவசரக் குரல் காத்திருக்கக் கூடாது என்பதை ஐந்து உயிர் கொடுத்துக் கற்ற நாடு, இன்று அதே குரலை வீட்டுச் சுவரின் மின்செருகியில் மாட்டி வைக்கலாமா?

விதி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வீட்டுத் தொலைபேசியைத் தவிர வேறு வழியில்லாத வாடிக்கையாளருக்கு, மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணை அழைக்க வழி செய்து தர வேண்டும், அதுவும் இலவசமாக. அதற்காகப் பேட்டரியோ, சிம் கார்டு போட்ட கருவியோ தருகிறார்கள். பெரும்பாலான மின்வெட்டுகள் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்றும், இன்று எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது என்றும் சொல்பவர்கள் உண்டு. நகரத்துக்கு அது பொருந்தும். ஆர்வென் தாக்கிய பள்ளத்தாக்குகளில் ஒரு வாரம் இருட்டில் கிடந்தவர்களுக்கு ஒரு மணி நேரப் பேட்டரி எந்த மூலைக்கு?

அணைப்பது இது மட்டுமல்ல

இரவு நேர மலிவுக் கட்டணத்தில் வீட்டைச் சூடாக்க, எண்பதுகளிலிருந்து ஒரு வகை மின்மீட்டர் பிரிட்டனில் புழக்கத்தில் இருந்தது. நெட்டலை வானொலியில் வரும் சமிக்ஞைதான் அதன் வழியாக வீட்டு ஹீட்டரை இயக்கி நிறுத்தியது. அதை முடித்துக்கொள்ள 2025 ஜூன் 30 என்று நாள் குறித்தார்கள். அந்த நாள் வந்தபோதும் லட்சக்கணக்கான வீடுகளில் மீட்டர் மாறவில்லை. கடைசியில் பகுதி பகுதியாகத்தான் நிறுத்த முடிந்தது. கைபேசியிலும் இதே கதைதான்: மூன்றாம் தலைமுறைச் சேவையை நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடின. இரண்டாம் தலைமுறையும் 2033-க்குள் மூடப்படும். செப்புக் கம்பி போகிறதே என்று அவசரமாக வாங்கிய சிம் கார்டு அலாரங்களில் சில இந்தப் பழைய அலைவரிசைகளை நம்பியிருப்பவை. ஒருமுறை மாற்றியவர் மறுபடியும் மாற்ற வேண்டிவரும்.

ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றுதான். தேதி முதலில் வருகிறது, கடிதம் அடுத்து வருகிறது, கடைசி வீட்டின் கதவை யாராவது தட்டுவது எல்லாவற்றுக்கும் பிறகு நடக்கிறது. அந்தக் கடைசி வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வயது எண்பதைத் தாண்டியிருக்கும்.

இடையில் புகுந்து காசு பார்க்கும் கூட்டம் வேறு. ‘உங்கள் அலாரத்தை மாற்றப் பணம் கட்ட வேண்டும், வங்கி விவரம் சொல்லுங்கள்’ என்று முதியவர்களை அழைக்கிறார்கள். இணைய இணைப்புக்கு மாறுவதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அதற்காக வங்கி விவரம் கேட்டால் அது மோசடி. உடனே வைத்துவிட்டு, 159 என்ற எண்ணில் தங்கள் வங்கியை அழைக்கலாம். பெரும்பாலான வங்கிகளுக்கு அந்த எண் இணைப்புத் தரும்.

செய்ய வேண்டியது

அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. அலாரம் அணிந்தவர் யார் என்ற பட்டியல் உள்ளாட்சியிடமும் பராமரிப்பு அமைப்புகளிடமும் சிதறிக் கிடக்கிறது. அதை ஒன்றுசேர்க்க வேண்டும். ஒரு ஆள் நேரில் போய், பொத்தானை அழுத்திப் பார்த்து, மறுமுனையில் பதில் வந்ததை உறுதிசெய்த பிறகே அந்த வீட்டின் செப்புக் கம்பியைத் துண்டிக்க வேண்டும். புயல் அடிக்கும் மலைப் பகுதிகளுக்கு ஒரு மணி நேரப் பேட்டரி போதாது, ஒரு நாளாவது தாங்க வேண்டும். இதற்கெல்லாம் 2027 ஜனவரி போதாதென்றால், மறுபடியும் தள்ளிப்போடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பிரிட்டனில் பெற்றோரோ, பெரியம்மாவோ, சித்தப்பாவோ தனியாக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே பேசுங்கள். தொலைபேசி ரவுட்டருக்கு மாறிவிட்டதா, மாறிய பின் அலாரத்தை அழுத்திப் பார்த்தார்களா, மின்வெட்டுக்குப் பேட்டரி கேட்டு வாங்கினார்களா என்று மூன்று கேள்வி கேளுங்கள். வீட்டில் அலாரம் இருப்பதைத் தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். மின் நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலில் பெயரைப் பதிவு செய்யுங்கள், அது இலவசம். கரண்ட் போனால் அழைக்க வேண்டிய எண் 105, அதற்கும் காசில்லை. அதைப் பெரிய எழுத்தில் எழுதி, முழுக்க சார்ஜ் ஏற்றிய ஒரு சாதாரணக் கைபேசியோடு கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். ‘அவர்களுக்கு ஏன் தொந்தரவு’ என்று தயங்கினால், கேட்பது அவர்களுடைய உரிமை என்று எடுத்துச் சொல்லுங்கள்.