உதடே சீவாளி

நாகஸ்வரத்தில் அதிர்வது சீவாளி. ட்ரம்பெட்டில் சீவாளி கிடையாது. ஊதுபவரின் உதடுகளே அந்த வேலையைச் செய்கின்றன. சிறு கிண்ணம் போன்ற மவுத்பீஸுக்குள் அவை அதிர, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளக் குழாயில் உள்ள காற்று அதற்கு இசைந்து சுரமாகிறது. இதற்காக உதட்டையும் வாய்த்தசைகளையும் அமைத்துக்கொள்ளும் விதத்தை ‘ஆம்பஷூர்’ என்கிறார்கள்.

மூன்று வால்வுகள்தானே சுரத்தை மாற்றுகின்றன என்று தோன்றும். வால்வை அழுத்தினால் குழாயின் நீளம் கூடும், அவ்வளவுதான். ஒரு வால்வையும் தொடாமலே பல சுரங்கள் எழுப்பலாம்; எது ஒலிக்க வேண்டும் என்பது உதட்டின் கையில் இருக்கிறது. பி ஃபிளாட் ட்ரம்பெட்டில் நொடிக்கு 233 அதிர்வுள்ள சுரத்திலிருந்து இரண்டு ஸ்தாயி மேலே, 932 அதிர்வு வரை அதே உதடுகள் போய்வர வேண்டும்.

கற்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். கீழ்ச்சுரத்துக்கு ஒரு வாய், மேல்சுரத்துக்கு வேறொரு வாய் என்று பழகிவிடுகிறார்கள். தனித்தனியே கேட்டால் இரண்டும் நன்றாகவே இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாட்டு ஏறும் இடத்தில் ஒலி முறிகிறது. உச்சம் எட்டாதபோது மவுத்பீஸை உதட்டில் வைத்து அழுத்துவது இன்னும் மோசமான பழக்கம். சுரம் வரலாம், ஆனால் ரத்த ஓட்டம் தடைபட்டு உதடு சீக்கிரமே சோர்ந்துவிடும். வாயைச் சுற்றி ஓடும் வளையத்தசை கிழிவதற்கு ‘சாட்ச்மோ நோய்க்குறி’ என்று பெயர் வந்ததே, உதட்டுக் காயங்களால் அவதிப்பட்ட ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப்பெயரால்தான்.

வாயின் இரு ஓரங்களும் உறுதியாக நிற்க, நடுப்பகுதி மட்டும் இளகி அதிர வேண்டும். மேலே போகப் போக உதடுகளின் இடைவெளி சிறுத்து, காற்றின் வேகம் கூடும். வெளியே அதிகம் மாறாது, மாற்றமெல்லாம் உள்ளே. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் சாரா வில்லிஸ், ட்ரம்பெட்டைப் போலவே உதட்டால் ஊதும் ஹார்னை வாசிக்கும்போதே அவர் வாயின் உட்புறத்தை எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுத்தார்கள். சுரத்துக்குச் சுரம் நாக்கு இடம் மாறுவது அதில் தெளிவாகத் தெரிகிறது. ‘ஆ’ சொல்லிவிட்டு ‘ஈ’ சொல்லிப் பார்த்தால் நாக்கின் ஏற்றம் புரியும்.

பயிற்சியை நடுச்சுரத்தில் தொடங்குவதே நல்லது. வால்வுகளை விட்டுவிட்டு, மவுத்பீஸை உதட்டிலிருந்து எடுக்காமல், பக்கத்துச் சுரத்துக்கு ஒரே மூச்சில் வழுக்கிப் போய்த் திரும்ப வேண்டும். அது சீரானபின் இருபுறமும் ஒவ்வொரு படியாக விரிக்கலாம். மெல்ல ஊதியே பழக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உரக்க ஊதும்போது காற்றின் பலம் உதட்டின் குறையை மறைத்துவிடுகிறது. ஊதிய நேரத்துக்குச் சமமாக ஓய்வும் வேண்டும். உதடு வீங்கினாலோ மரத்தாலோ அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.