காலியாக இருக்க வேண்டிய அலைவரிசை

தீப்பிடித்த கட்டடத்துக்குள் நிற்கும் தீயணைப்பு வீரர் தோளில் மாட்டிய மைக்கை அழுத்திப் பேசுகிறார். அவர் இடுப்பிலிருக்கும் வாக்கி-டாக்கியின் ஆற்றல் பெரும்பாலும் 5 வாட்டைத் தாண்டாது. சிறிய எல்.இ.டி. பல்பு ஒன்று எரியப் போதுமான அளவுதான் அது. அந்த ஆற்றல் எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. கான்கிரீட்டில் பாதி கரைகிறது. மேடுகளில் மோதித் தேய்கிறது. தொலைவிலுள்ள கருவியின் ஆன்டெனாவை எட்டும்போது ஒரு வாட்டின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு மட்டுமே மிஞ்சியிருக்கலாம். ஒன்றை எழுதி, பக்கத்தில் பதினைந்து சுழியம் போட்டு, அதனால் ஒரு வாட்டை வகுத்துப் பாருங்கள். நல்ல கருவி அந்தத் துளியிலிருந்தும் மனிதக் குரலை மீட்டெடுத்துவிடும். ஆனால், அந்த நேரத்தில், அந்த வட்டாரத்தில், அதே அதிர்வெண்ணில் வேறு எவரும் பேசக் கூடாது.

கருவியை எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் இந்த நிபந்தனையைக் கருவியால் நிறைவேற்ற முடியாது. அதை நிறைவேற்றுவது சட்டம். வயர்லெஸ் உரிமம் என்றால் பேசுவதற்கான அனுமதி என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் மற்றவர்கள் பேசாமலிருப்பார்கள் என்று அரசு தரும் உறுதிமொழி அது. காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்கான அலைவரிசைகளை அமெரிக்கா நூறாண்டுகளாக எப்படிப் பங்கிட்டது என்று பார்த்தால், அந்த உறுதிமொழி எத்தனை தவறுகளைக் கடந்து உருவானது என்பது விளங்கும்.

1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது வட அட்லாண்டிக் கரையோர வானம் முழுக்கத் தந்தியில்லாச் செய்திகளின் நெரிசல். கப்பலுக்கு ஆபத்தில்லை என்ற தவறான செய்திகள்கூட நாளிதழ்களில் அச்சேறின. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே அமெரிக்கா சட்டம் இயற்றி, ஒலிபரப்பும் எவரும் உரிமம் பெற வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டத்தில் பெரிய ஓட்டை இருந்தது. வணிகத் துறை அமைச்சர் உரிமம் கொடுக்கலாம். இந்த அதிர்வெண்ணில்தான் இயங்க வேண்டும் என்று வற்புறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. 1926-இல் ஜெனித் நிறுவனத்தின் மீதான வழக்கில் நீதிமன்றம் இதை வெளிப்படையாகச் சொன்னது. அடுத்த சில மாதங்களில் வானொலி நிலையங்கள் விரும்பிய அதிர்வெண்ணுக்குத் தாவின. ஆற்றலை மனம்போல் கூட்டின. ஒன்றின் மீது ஒன்று கத்தின. பல ஊர்களில் வானொலியைத் திறந்தால் கேட்டது ஊளையும் இரைச்சலும்தான். 1927 பிப்ரவரியில் புதிய வானொலிச் சட்டம் வந்தது. 1934-இல் அதிர்வெண்களை ஒதுக்கும் பொறுப்பு எஃப்.சி.சி. எனப்படும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு மாறியது.

இதே காலத்தில் டெட்ராய்ட் நகரக் காவல்துறை ரோந்துக் கார்களில் வானொலியைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைய உரிம விதிகளில் காவல்துறை என்றொரு வகையே கிடையாது. எனவே கேஓபி என்ற அழைப்புப் பெயரோடு அவர்களுக்குக் கிடைத்தது பொழுதுபோக்கு நிலைய உரிமம். இசை நிகழ்ச்சிகளுக்கு நடுவே திருடுபோன கார்களின் எண்களை வாசிக்க வேண்டிய நிலை. கருவிகளும் மெல்லத்தான் தேறின. ஓடும் காரில் அதிர்வைத் தாங்கும் வாங்கியை (ரிசீவர்) உருவாக்கவே பல ஆண்டுகள் பிடித்தன. 1928 ஏப்ரல் 7-ஆம் தேதி அங்கே காவல் வானொலி முறையாக இயங்கத் தொடங்கியது. அதுவும் ஒருவழிதான், காரிலிருந்தவர்கள் கேட்கலாம், பதில் சொல்லத் தொலைபேசியைத் தேடிப் போக வேண்டும். நியூ ஜெர்சியின் பேயோன் நகரில் 1933-இல்தான் காரிலிருந்தே பதில் பேச முடிந்தது. அதற்குள் காவல்துறைக்கென்று தனி அலைவரிசைகளும் ஒதுக்கப்பட்டிருந்தன.

இன்றைய உரிமம் ஒன்றைக் கையிலெடுத்துப் படித்தால் அது ஓர் இயற்பியல் பாடம். கோபுரம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பாகை, கலை, விகலை வரை குறிக்கப்பட்டிருக்கும். தரையிலிருந்து ஆன்டெனாவின் உயரம் இருக்கும். கோபுரத்தின் அலை எத்தனை தொலைவு போகும் என்பதை ஆற்றலைவிட உயரமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 155 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் தொடுவானம்தான் அதன் எல்லை. பிறகு 11கே2எஃப்3ஈ என்றொரு குறியீடு வரும். கே இருக்கும் இடம் தசமப் புள்ளியின் இடம்: 11.2 கிலோஹெர்ட்ஸ் அகலம். எஃப் என்றால் அதிர்வெண்ணை அசைத்துப் பேசும் முறை, அதாவது எஃப்.எம். 3 என்றால் ஒற்றைத் தடம். ஈ என்றால் மனிதக் குரல்.

அந்த 11.2 எங்கிருந்து வந்தது? பேச்சைப் புரிந்துகொள்ள 3 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் வரையிலான ஒலிகள் போதும். பேசும்போது அலையின் அதிர்வெண் நடுவிலிருந்து மேலும் கீழும் 2.5 கிலோஹெர்ட்ஸ் ஆடுகிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் 11-க்குச் சற்று மேல் வரும். இது ஜான் கார்சன் என்ற பொறியாளர் வகுத்த விதி. மனிதத் தொண்டையின் அளவு ஓர் அரசு ஆவணத்தில் எண்ணாகப் பதிவாகியிருக்கிறது என்று எண்ணும்போது எனக்கு ஏற்படும் வியப்பு இன்னும் தீரவில்லை.

ஒரு நகராட்சி அலைவரிசை கேட்டவுடன் எஃப்.சி.சி. தூக்கிக் கொடுத்துவிடாது. விண்ணப்பம் முதலில் அலைவரிசை ஒருங்கிணைப்பாளரிடம் போகும். 1935-இல் தொடங்கப்பட்ட அப்கோ என்ற பொதுப் பாதுகாப்புத் தகவல்தொடர்பாளர் சங்கம் அத்தகைய ஒருங்கிணைப்பாளர்களில் ஒன்று. ஏற்கெனவே இயங்கும் நிலையத்தின் சேவை எல்லையை அவர்கள் வரைபடத்தில் வரைவார்கள். புதிய நிலையத்தின் அலை இடையூறு செய்யக்கூடிய எல்லையையும் வரைவார்கள். இந்த இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. இரண்டையும் வரையப் பயன்படும் அலை வலிமைகளுக்கு இடையே 18 டெசிபெல் வித்தியாசம் உண்டு. அதாவது, சேவை எல்லையின் விளிம்பிலும் உரியவரின் அலை அயலாரின் அலையைவிட ஏறத்தாழ 63 மடங்கு ஓங்கியிருக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய இடைவெளி தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. எஃப்.எம். வாங்கிக்கு ஒரு குணம்: இரண்டு அலைகள் ஒரே நேரத்தில் வந்தால் வலியதைப் பிடித்துக்கொண்டு மெலிந்ததை அடியோடு அழித்துவிடும். கலந்த இரைச்சல்கூடக் கேட்காது. அருகிலுள்ள ஒருவர் சாதாரணமாக எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, தொலைவில் புகைக்குள் சிக்கியவர் உதவி கேட்டார் என்ற தடயமே இல்லாமல் போகும். விமானங்கள் இன்றும் பழைய ஏ.எம். முறையில் பேசுவதன் பயன்களில் ஒன்று, இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சொலி எழுந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பது. நிலத்தில் எஃப்.எம். தரும் தெளிவை ஏற்றுக்கொண்ட பிறகு, அந்த ஆபத்தைத் தடுக்கும் வேலை வரைபடக் கோடுகளின் மேல் விழுந்தது.

இந்தக் காரணத்துக்காகவே, சிறியதாகத் தோன்றும் சில விதிகளும் உரிமத்தில் உள்ளன. பேச்சைக் கூடிய மட்டும் சுருக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து பற்றிய செய்திக்கு எல்லாரும் வழிவிட வேண்டும். தொடர்ந்து இயங்கும் நிலையம் அரை மணிக்கு ஒருமுறை தன் அழைப்புப் பெயரைச் சொல்ல வேண்டும். மோர்ஸ் ஒலியிலும் சொல்லலாம், நிமிடத்துக்கு 20 முதல் 25 சொல் வேகத்தில். உரிமம் பத்தாண்டுக்கு. அதைப் பெற்று முடக்கி வைக்க முடியாது. குறித்த காலத்துக்குள் நிலையத்தை இயக்காவிட்டால் உரிமம் தானாகவே காலாவதியாகும்.

தேவை பெருகப் பெருக அலைக்கற்றை மட்டும் பெருகவில்லை. முன்பு ஓர் அலைவரிசைக்கு 25 கிலோஹெர்ட்ஸ் அகலம் தரப்பட்டது. முக்கியமான இரண்டு பட்டைகளில் 2013 ஜனவரி 1-க்குள் எல்லாரும் 12.5-க்குச் சுருங்க வேண்டும் என்று எஃப்.சி.சி. உத்தரவிட்டது. ஊர் ஊராகக் கருவிகளை மாற்றினார்கள், மறுநிரல் எழுதினார்கள். இருந்த இடத்திலேயே புதிய அலைவரிசைகள் பிறந்தன.

800 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வந்த சிக்கல் இன்னும் கடினம். அங்கே காவல்துறையின் அலைவரிசைகளும் நெக்ஸ்டெல் என்ற கைபேசி நிறுவனத்தின் அலைவரிசைகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருந்தன. காகிதத்தில் யாரும் யாருடைய இடத்திலும் இல்லை. ஆனால் காவல்துறைக்குத் தொலைவில் ஓர் உயரமான கோபுரம். கைபேசி நிறுவனத்துக்குத் தெருவுக்குத் தெரு தாழ்ந்த கோபுரங்கள். அப்படியொரு கோபுரத்தருகே காவலர் நின்றால், பக்கத்து அலைவரிசையின் வெள்ளத்தில் அவருடைய வாங்கி திணறும். திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கிக்குக் கீழே நிற்பவருக்கு எட்டத்திலிருந்து அழைக்கும் பிள்ளையின் குரல் கேட்காததைப் போல. 2004-இல் எஃப்.சி.சி. அந்தப் பட்டை முழுவதையும் கலைத்து அடுக்கச் சொன்னது. செலவை நிறுவனம் ஏற்றது. ஈடாக வேறு பட்டையில் இடம் பெற்றது. மூன்றாண்டில் முடிய வேண்டிய வேலை 2021-இல்தான் நிறைவுபெற்றது.

எல்லாருக்கும் தனித்தனி இடம் கொடுத்ததில் ஒரு தீமையும் ஒளிந்திருந்தது: பக்கத்தில் நிற்பவரோடு பேச முடியாது. 2001 செப்டம்பர் 11 அன்று காலை 10 மணிக்குச் சற்றுப் பின், நியூயார்க் காவல்துறை ஹெலிகாப்டர்களிலிருந்து வடக்குக் கோபுரம் நெடுநேரம் தாங்காது என்ற எச்சரிக்கை வந்தது. அது காவல் அலைவரிசையில் வந்தது. தீயணைப்புத் தலைமைக்கு எட்டவில்லை. 10.28-க்குக் கோபுரம் சரிந்தது. அன்று உயிரிழந்த தீயணைப்புத் துறையினர் 343 பேர். உயரமான கட்டடங்களுக்குள் அவர்களுடைய சொந்தக் கருவிகளே சரியாக எட்டாததும் அந்த இழப்புக்கு ஒரு காரணம்.

இன்று எல்லாத் துறைகளும் சந்திப்பதற்கென்றே நாடு முழுவதும் ஒரே பெயரில் சில அலைவரிசைகள் உள்ளன. 155.7525 மெகாஹெர்ட்ஸ் அவற்றில் ஒன்று. வி-கால்-10 என்பது அதன் பெயர். பொதுப் பாதுகாப்பு உரிமம் பெற்ற அமைப்புகளின் நடமாடும் கருவிகள் தனி உரிமமின்றி அதில் பேசலாம். பல துறைகள் கூடும் இடத்தில் பத்தில் தொடங்கும் சங்கேத எண்கள் வேண்டாம், எளிய சொற்களில் பேசுங்கள் என்பதும் நடைமுறையானது. ஒரே எண்ணுக்கு ஊருக்கொரு பொருள் இருந்ததுதான் காரணம்.

இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்ந்தது எஃப்.சி.சி. விதிகளின் 90.407-ஆம் பிரிவு. புயல், வெள்ளம், நிலநடுக்கத்தால் வழக்கமான தகவல்தொடர்பு அறுந்துபோனால், உரிமத்தில் சொல்லப்படாத வழியிலும் நிலையத்தை அவசரத்துக்குப் பயன்படுத்தலாம் என்கிறது அது. மீட்டருக்கும் மெகாஹெர்ட்ஸுக்கும் கணக்குக் கேட்கும் அதே சட்டம், உயிர் போகும் நேரத்தில் தானே விலகி நிற்கிறது. மற்ற நாட்களில் கண்டிப்பாக இருந்ததால்தான் அன்றைக்கு விலகவும் அதனால் முடிகிறது; ஒழுங்கு இருந்த இடத்தில்தான் விதிவிலக்குக்கு இடம் கிடைக்கும்.

ஆனால் அலைக்கற்றை இன்று பெரும் பணம். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் உட்படப் பதினொரு பெருநகரப் பகுதிகளில் காவலரும் தீயணைப்பாளரும் பயன்படுத்தும் 470 முதல் 512 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஏலம் விட வேண்டும் என்று 2012-இல் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் செய்தது. அவர்களுக்கு மாற்று இடம் போதாது, மாறும் செலவும் தாங்காது என்று ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பு எழுந்தது. 2020 டிசம்பரில் அந்தக் கட்டளை நீக்கப்பட்டது. பெரும்பாலான நேரம் யாரும் பேசாத அலைவரிசை கணக்கர் கண்ணுக்கு வீண் போகும் சொத்தாகத் தெரியலாம். காலியாக இருப்பதுதான் அது செய்யும் வேலை. அலைக்கற்றையை ஏலம் விடும் எந்த நாடும், விலை பேசுவதற்கு முன்பே அந்தப் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.