தரங்கம்பாடியில் பவளப்பாறை இல்லை, மண்டபத்தில் உண்டு... ஏன்? நிறமும் வெளிச்சமும் சொல்லும் கணக்கு

இன்ஸ்டாகிராமில் 'ரீஃப் டேங்க்' வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். நீல வெளிச்சத்தில் பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று பவளங்கள் ஜொலிக்கும். அதே பவளத்தைத் தொட்டியின் அடியில் நிழலான மூலையில் வைத்தால் சில வாரங்களில் பழுப்பாகிவிடும். விளக்குக்கு மிக அருகே திடீரெனத் தூக்கி வைத்தால் வெளிறிப்போகும். உயிர் ஒன்றுதான். நிறம் மட்டும் ஏன் இப்படி மாறுது?

இதற்கான பதில் கண்ணாடித் தொட்டிக்குள் முடிந்துவிடுவதில்லை. தரங்கம்பாடிக் கடலில் ஏன் பவளப்பாறைகள் வளரவில்லை, மண்டபம் பக்கம் இருக்கும் பாறைகள் ஏன் அவ்வப்போது வெளுக்கின்றன என்ற கேள்விகளுக்கும் வெளிச்சத்தில்தான் பதில் தொடங்குகிறது.

நிறம் எங்கிருந்து வருகிறது?

மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் வேறு ரகம். மத்தியதரைக் கடலில் கிடைக்கும் அந்தப் பவளத்தின் சிவப்பு அதன் எலும்புக்கூட்டிலேயே ஊறியது. உயிர் போனாலும் நிறம் போகாது.

பாறை கட்டும் பவளம் அப்படியில்லை. அதன் எலும்புக்கூடு சுண்ணாம்பு, வெள்ளை நிறம். அதன்மேல் 'பாலிப்' எனும் சின்னஞ்சிறு உயிரிகளின் சதை மெல்லிய தோல்போலப் படர்ந்திருக்கும். நாம் பார்க்கும் நிறம் அந்தச் சதைக்குள் இருக்கும் 2 விஷயங்களிலிருந்து வருகிறது.

முதலாவது, சதைக்குள் குடியிருக்கும் சூசாந்தெல்லா என்ற நுண்பாசி. இதன் நிறம் பொன்பழுப்பு. சூரிய ஒளியில் உணவு தயாரித்து, பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரை கொடுப்பது இந்தப் பாசிதான். இரண்டாவது, பவளம் தானே தயாரிக்கும் நிறப் புரதங்கள். பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் எல்லாம் இவற்றின் வேலை. பல பவளங்களுக்கு இவை சன்ஸ்க்ரீன் மாதிரி: அதிக வெளிச்சத்திலிருந்து உள்ளே இருக்கும் பாசியைக் காக்கின்றன.

மேலே வைத்தால் என்ன, கீழே வைத்தால் என்ன?

வெளிச்சம் குறைந்தால், கிடைப்பதை முழுதாகப் பிடித்துக்கொள்ள பாசி தன் நிறமியைக் கூட்டுகிறது. சன்ஸ்க்ரீனுக்குத் தேவை இல்லாததால் பவளம் நிறப் புரதத்தைக் குறைத்துக்கொள்கிறது. விளைவு, பழுப்பு. வெளிச்சம் கூடினால் தலைகீழ். பாசியின் நிறமி குறையும், புரதம் கூடும், கண்ணைப் பறிக்கும் நிறம் வரும். அளவு மீறினால் பாசியே வெளியேறி, உள்ளே இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரியத் தொடங்கும்.

ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தை 'பிஏஆர்' என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். உச்சி வெயிலில் கடல் மேற்பரப்பில் இது சுமார் 2,000. மீன் தொட்டிகளில் மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரையும், கிளை கிளையாக வளரும் கல் பவளங்களுக்கு 200 முதல் 400 வரையும் கொடுப்பது உலகம் முழுக்க உள்ள வளர்ப்பாளர்களின் வழக்கம். அதனால்தான் மென்பவளம் கீழே, கிளைப்பவளம் மேலே. இடம் மாற்றும்போதும் ஒரே நாளில் மாற்றாமல், சில வாரங்களில் படிப்படியாக உயர்த்துகிறார்கள். போனில் இருக்கும் லக்ஸ் மீட்டர் ஆப் இதற்குச் சரிவராது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. நீல எல்இடி வெளிச்சத்தைக் குறைத்தே காட்டும்.

வெளிச்சம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. தீனி மிஞ்சி தண்ணீரில் நைட்ரேட் கூடினாலும் பாசி பெருகி, பவளம் பழுப்பாகும்.

நீல விளக்கு ஏன்?

கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் 10 மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆழத்துக்குப் போவது நீலம்தான். பவளமும் பாசியும் அதற்குப் பழகியவை. இன்னொரு காரணம், பல நிறப் புரதங்கள் நீல ஒளியை உள்வாங்கி பச்சையாகவோ ஆரஞ்சாகவோ திருப்பி வீசும். வீடியோவில் தெரியும் ஜொலிப்பு அதுதான். வெள்ளை விளக்கைப் போட்டால் அதே பவளம் பாதி அழகுகூட இல்லாமல் தெரியலாம்.

சரி, தரங்கம்பாடியில் ஏன் இல்லை?

இப்போது அதே கணக்கைக் கடலுக்குக் கொண்டுபோகலாம். காவிரியும் அதன் கிளைகளும் சேரும் டெல்டா கரையில் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கலங்கி, வெளிச்சம் உள்ளே இறங்குவது குறைகிறது. மழை வெள்ளம் சேர்ந்தால் உப்புத்தன்மையும் சரியும். அடித்தளமோ பெரும்பாலும் மணல், சேறு. பவளக் குஞ்சு ஒட்டி வளர கெட்டியான தளம் வேண்டும். ஒட்டினாலும் படியும் வண்டல் அதை மூடிவிடும். தொட்டியின் இருட்டு மூலையில் வைத்த பவளத்தின் நிலைமைதான், அதைவிட மோசமாக.

கோடியக்கரையைத் தாண்டித் தெற்கே போனால் பாக் விரிகுடாவில் மண்டபம், ராமேஸ்வரம் கரையோரம் பவளப்பாறைகள் தொடங்குகின்றன. அதற்கும் தெற்கே மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றி அவை பரவியிருக்கின்றன. 1986-ல் இது கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கலங்கல் அதிகமுள்ள பாக் விரிகுடாவில் உருண்டை, பாளம் வடிவப் பவளங்களே அதிகம். மன்னார் வளைகுடாவில் கிளைப்பவளங்களும் செழித்திருந்தன.

பளிச் நிறம் நல்ல அறிகுறியா?

எப்போதும் அல்ல. கோடையில் கடல்நீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகி, அது வாரக்கணக்கில் நீடித்தால், வழக்கமான வெளிச்சமே பாசிக்கு அதிகமாகிவிடுகிறது. பாசி வெளியேற, பவளம் வெளுக்கிறது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடா பெரிய அளவில் வெளுத்தது. 2024 ஏப்ரலில், உலக அளவில் 4-வது வெளுப்பு நிகழ்வு நடப்பதாக அமெரிக்காவின் 'நோவா' அமைப்பு அறிவித்தது.

வெளுக்கும்போது சில பவளங்கள் வெள்ளையாகாமல் நியான் நிறத்தில் ஒளிரும். பாசி போனதும் வெள்ளை எலும்புக்கூட்டில் பட்டுச் சிதறும் வெளிச்சம் சதைக்குள் கூடுகிறது. அதைத் தடுக்க பவளம் அவசரமாக நிறப் புரதத்தைக் கூட்டுகிறது என்று பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் விளக்கினார்கள். பாசி திரும்பி வருவதற்கான நிழலை அது தானே உருவாக்கிக்கொள்கிறது. பார்க்க அழகு, உண்மையில் உயிர்ப் போராட்டம்.

வீட்டில் வளர்க்கலாமா?

கல் பவளங்கள் என்றால் கூடாது. பாறை கட்டும் கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம் ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்குள்ள அதே அட்டவணை. குற்றம் நிரூபிக்கப்பட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். கரையில் ஒதுங்கிய உலர்ந்த துண்டை ஷோகேஸில் வைக்க எடுத்து வருவதும் சிக்கல்தான். கடைக்காரர் 'ஃப்ராக்' என்று எதையாவது நீட்டினால், அது என்ன இனம், ஆவணம் என்ன என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

தொட்டியில் பவளம் பழுப்பானால் ஒரு கை அதைத் தூக்கி மேல் தட்டில் வைக்கும். கடலில் அந்த வசதி கிடையாது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் பவளத் துண்டுகளைச் செயற்கைத் தளங்களில் கட்டி நட்டு வருகிறது. அவை பிழைக்கவும் வெளிச்சம் இறங்கும் தெளிந்த நீர் வேண்டும், சூடு ஏறாமலும் இருக்க வேண்டும்.

அடுத்த முறை ராமேஸ்வரம் பக்கம் போய் பழுப்பு நிறப் பவளத்தைப் பார்த்தால், 'இவ்வளவுதானா' என்று ஏமாற வேண்டாம். பாசி நிறைந்திருக்கும் அந்தப் பழுப்புதான் அது நன்றாகச் சாப்பிடுகிறது என்பதற்கான அடையாளம்.