சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம்!

என் அம்மா தையல் மிஷின் மிதித்துத்தான் எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். என் கல்லூரிக் கட்டணத்துக்காக அந்தச் சிங்கர் மிஷினை விற்றபோது ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

சென்ற ஆண்டு, காரைக்குடியில் குடியிருக்கும் என் நாத்தனார் போன் செய்தாள். "மைனி, பக்கத்து ஊர்ல ஒரு பழைய வீட்டுச் சாமானை ஏலம் விடுறாங்க. அத்தை வச்சிருந்த மாதிரியே மிஷின் ஒண்ணு கிடக்கு" என்றாள். மறுநாளே நாகர்கோவிலில் பஸ் ஏறி, மதுரையில் மாறி, போய்ச் சேர்ந்தேன். 2,500 ரூபாய்க்கு மிஷின் எனக்கே விழுந்தது.

எப்படி ஊருக்குக் கொண்டு வருவது என்று அப்புறம்தான் யோசித்தேன்! "இதை பஸ்ல ஏத்த முடியாதும்மா" என்றார் கண்டக்டர். தனி வண்டிக்குக் கேட்ட வாடகையோ மிஷின் விலையைப் போல் பல மடங்கு. கடைசியில், பிரிக்காமல் அப்படியே லாரி பார்சலில் போட்டோம். மதுரையில் வேறு லாரிக்கு மாற்றினார்களாம். கோட்டாற்றில் போய் எடுத்தபோது கால் மிதி இரண்டாகப் பிளந்து கிடந்தது. "சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம்" என்று என் கணவர் சிரித்தார். எனக்கோ அழுகை முட்டியது.

மிஷின் மெக்கானிக் அண்ணாச்சி சொன்ன பிறகே விஷயம் புரிந்தது. ஸ்டாண்டு வார்ப்பிரும்பு, கீழே விழுந்தால் வளையாது, உடைந்துவிடும். சாதாரணமாக வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே விரிசல் விடும். நல்லவேளை, கழித்துப் போட்ட ஒரு ஸ்டாண்டிலிருந்து மிதியை எடுத்து மாட்டிக் கொடுத்தார்.

சகோதரிகளே, தூரத்து ஏலத்தில் பழைய சாமான் எடுக்கும் முன் லாரிக் கூலி, ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி எல்லாவற்றையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். எத்தனை நாளுக்குள் சாமானை எடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தையல் மிஷின் என்றால், பெல்ட்டைக் கழற்றி, பின்பக்கக் கீலில் உள்ள இரண்டு திருகுகளைத் தளர்த்தினால் தலை தனியே வந்துவிடும். ஊசி, பாபினை எடுத்துவிட்டு, தலையைப் பழைய போர்வையில் சுற்றிக் கையோடு கொண்டு வாருங்கள். ஸ்டாண்டை மட்டும் மரச் சட்டம் அடித்து அனுப்புங்கள். பிரிக்கும் முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டால் மாட்டும்போது குழப்பம் வராது.

மிஷினைப் பார்த்ததும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மிதியில் கால் வைத்தார். "மக்களே, சத்தம்கூட அதே சத்தம்தான்" என்றார். கூலிக் கணக்கெல்லாம் எனக்கு அப்போதே மறந்து போயிற்று.

– ஒரு வாசகி, வடசேரி